ஐந்து ஞாயிறு, ஒரு குளியலறை

காலை மணி எட்டேகால். கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் நகர மறுக்கும் நேரம். வானொலிக்காரர்களுக்கு அதுதான் பொன்னான நேரம். அன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'சாலையோரத்தில் கை நீட்டுபவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா, கூடாதா?' அழைப்புகள் குவிந்தன. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நடுவில் நானும் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லி வைத்தேன். "வேலை செய்ய மனசு இருந்தா இந்த ஊர்ல வேலைக்கா பஞ்சம்?" சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு. நேரலையில் பேச விருப்பமில்லை என்றார்.

"தங்கச்சி, நான் வயர்மேன். தினமும் வேன்ல போய்க்கிட்டே உங்க நிகழ்ச்சியத்தான் கேக்குறேன். இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அது சரியில்ல. சண்டை போடக் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தா சௌகிட் பக்கம் வந்து பாருங்க. பழைய உடுப்பா போட்டுக்கிட்டு வாங்க, சிமெண்டு ஒட்டும்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். திட்டு வாங்குவது எங்கள் தொழிலில் சம்பளத்தோடு வருவது. இவர் முகவரி கொடுத்துவிட்டு வைத்துவிட்டார். அதனால் போனேன். ஒரு ஞாயிறு என்று நினைத்துப் போனது ஐந்து ஞாயிறாக நீண்டது.

அது போருக்கு முந்திய காலத்துக் கடைவீடு. கீழே ஒரு கூடம், பின்னால் சமையலறை. மேலே இரண்டு அறைகள், பின்பக்கம் குளியலறை. வீடற்றவர்கள் பகலில் வந்து தங்கிச் செல்லும் மையம். அங்கே வருபவர்கள் தங்கள் முகங்களும் தங்கள் இடமும் தாளில் வருவதை விரும்பவில்லை. ஆகவே பெயர்கள் எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. அந்த வயர்மேன் அண்ணனும் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். "பேரு வந்தா திங்கக்கிழமை எல்லாரும் ஓசியில வயரிங் பண்ணச் சொல்வாங்க" என்பது அவர் சொன்ன காரணம்.

பகலுக்கு ஓர் இடம்

வீடற்றவர்கள் என்றதும் நமக்கு இரவுதான் நினைவுக்கு வருகிறது. மஸ்ஜிட் இந்தியா கடைகளின் ஐந்தடி, புடுராயா பக்கத்து நடைபாதை, அட்டைப்பெட்டி விரிப்பு. உதவிகளும் பெரும்பாலும் இரவை நோக்கித்தான் வளர்ந்தன. கெச்சாரா சூப் கிச்சன் 2006-இலும், பெர்திவி 2010-இலும் தொடங்கி இரவு உணவைத் தெருவுக்கே கொண்டு போயின. 2011-இல் அரசாங்கம் ஜாலான் ஹங் லெக்கியூவில் அஞ்சோங் சிங்கா என்ற தற்காலிகத் தங்குமிடத்தைத் திறந்தது. 2014-இல் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர், புக்கிட் பிந்தாங் லோட் 10-ஐச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் உணவு வழங்கக் கூடாது என்று அறிவித்து, அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் பகல்? காலையில் கடைகள் திறக்கும்போது எழுந்து போக வேண்டும். எங்கே போவது? பேரங்காடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் காவலாளி வந்து நிற்பார். மாலை நான்கு மணி மழை எல்லாருக்கும் பொதுவானது, ஆனால் மாற்றுடுப்பு எல்லாரிடமும் இல்லை. கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற ஒரு துளை வேண்டும். அது இல்லாமல் வேலைக்கு அழைப்பு வராது. குளிக்காமல் நேர்முகத்துக்குப் போக முடியாது. இரவுக் காவல் வேலை, உணவகத்தில் இரவு மங்கு கழுவும் வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கமே பகலில்தான்.

ஆம், வேலை பார்ப்பவர்கள். முதல் ஞாயிறு கூடத்தில் நான் கண்ட முப்பது பேருக்கு மேற்பட்டவர்களில் மூவர் காவலாளிச் சீருடையில் இருந்தார்கள். ஒருவர் அதை மடித்துத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

சம்பளம் வாங்குபவர் ஏன் ஓர் அறை எடுக்கக் கூடாது என்று நான் கேட்டேன். மையத்தை நடத்தும் அக்கா ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். அறை வாடகை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத முன்பணம் 1,000. முதல் மாத வாடகை 500. கரண்டு, தண்ணீருக்கு அரை மாதப் பணம் 250. கதவைத் திறக்கும் முன்பே 1,750 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஒரு மாதம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் 50 வெள்ளி குறைகிறது.

நான் வானொலியில் சொன்ன வாக்கியம் அப்போதே கொஞ்சம் சுருங்கிப் போனது.

வண்ணத்துக்குப் பின்னால்

அந்தக் கூடத்தின் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. இளமஞ்சள், ஓரத்தில் ஒரு வானவில் ஓவியம். அலுவலகக் குழுக்கள் ஒரே நிற டி-சட்டையில் வந்து அடித்துவிட்டுப் போனது. மூன்று முறை அடித்திருக்கிறார்களாம். "சுவத்துக்கு மட்டும் வருஷா வருஷம் தீபாவளி" என்றார் அக்கா, சிரிக்காமல்.

நான் அந்தக் குழுக்களைக் கிண்டல் செய்ய விரும்பவில்லை. நானும் அப்படி ஒரு டி-சட்டையில் தூரிகை பிடித்திருக்கிறேன், படமும் எடுத்திருக்கிறேன். வண்ணம் அடிக்க ஆள் கிடைப்பது எளிது. யாரும் செய்யலாம், ஒரே நாளில் முடியும், படத்தில் தெரியும். சுவருக்குள் இருப்பது எதுவும் படத்தில் தெரியாது.

வயர்மேன் அண்ணன் என்னை ஒரு மின்துளையருகே அழைத்துப் போய், நகத்தால் சுற்றியிருந்த மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டினார். கீழே கரி. எப்போதோ அந்தத் துளை தீய்ந்திருக்கிறது. யாரோ நல்ல மனதுடன் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். அந்த ஒரு துளையிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பி, அதிலிருந்து இன்னொன்று, அதில் கைத்தொலைபேசிகள், மின்விசிறி, சோற்றுப்பானை.

பிறகு மின்பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய காலத்து ஃபியூஸ். உருக வேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதிலாக யாரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாரோ கண்டுபிடித்த வைத்தியம். ஃபியூஸ் போகவில்லை என்றால் அடுத்துப் போவது சுவருக்குள் இருக்கும் வயர். மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி ஒன்று இருந்தது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"செத்துப் போச்சு," என்றார். "எப்ப செத்ததுன்னு யாருக்கும் தெரியாது."

மேலே குளியலறை வாசலில் ஒரு வெந்நீர்க் கருவி பெட்டியோடு சாய்ந்து கிடந்தது. ஒரு நல்லவர் நன்கொடையாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. கோலாலம்பூர் வெயிலில் வெந்நீர் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. இரவு முழுக்க மழையில் நனைந்த ஓர் அறுபது வயதுக்காரரைக் காலை ஏழு மணிக்குப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அண்ணன் அதை மாட்ட மறுத்துவிட்டார். 3.6 கிலோவாட் கருவி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி இணைப்பு வேண்டும், 4 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும். சாதாரண மின்துளைகளுக்கு 30 மில்லி ஆம்பியர் போதும். ஈர உடம்போடு, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அது போதாது.

"கொடுத்தவங்க கோவிச்சுக்குவாங்களே தம்பி," என்று அக்கா தயங்கியிருக்கிறார்.

"கோவிச்சுக்கட்டும் அக்கா. ஆள் செத்தா அவங்களா வருவாங்க?"

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வண்ணம் பூசுவதற்கு நல்ல மனது போதும். மின்பெட்டியைத் திறப்பதற்கு அது போதாது. எரிசக்தி ஆணையத்திடம் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். முடிந்தபின் நிறைவுச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளை அங்கே தீப்பிடித்தால் அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வருவார்கள். தொண்டூழியம் என்பதற்காகச் சட்டம் தள்ளுபடி தராது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் கிடைத்திருக்கும் கூலி மட்டுமில்லை, இருபது வருடத் தொழிலையும் சேர்த்துத்தான் அவர் அந்தச் சுவரில் வைக்கிறார்.

கைகள்

அவர் தனியாக வரவில்லை. வேலையிடங்களில் பழகியவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்திருந்தார். ஈப்போ சாலைப் பக்கமிருந்து ஒரு சீனக் குழாய்க்காரர். எல்லாரும் அப்பெக் என்றுதான் கூப்பிட்டார்கள், பேசினால் மலாய், திட்டினால் கண்டோனீஸ், காப்பி கேட்கும்போது மட்டும் தமிழ். கம்போங் பாருவிலிருந்து வெல்டர் பாக்சிக். தொழிற்பயிற்சிக் கழகத்தில் மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கும் நம் பையன்கள் இருவர். அவர்களைக் கூட்டி வந்தது தொண்டு மனப்பான்மையை வளர்ப்பதற்காகவா என்று கேட்டேன். "பழைய கடைவீட்டு வயரிங்க எந்தக் கழகத்துலயும் காட்ட மாட்டாங்க. இங்க பாத்தாத்தான் உண்டு" என்றார்.

முதல் ஞாயிறு முழுக்க உடைப்பு. எனக்குக் கிடைத்த வேலை, உடைந்த கல்லைக் கோணியில் அள்ளிக் கீழே கொண்டு போவது. பதினொரு மணிக்கு என் கை நடுங்கியது. ஒலிவாங்கியைத் தவிர கனமான எதையும் தூக்காத கை. பையன்கள் நாகரிகம் கருதிச் சிரிக்கவில்லை.

குளியலறைதான் வீட்டின் நோய். தரைக்கல் பெயர்ந்து, தண்ணீர் கசிந்து, கீழே சமையலறை அடுப்புக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய கல்லை எடுத்து, அடித்தளத்தைச் சுத்தம் செய்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இரண்டு தடவை. முதல் தடவை நீளவாக்கில், காய்ந்தபின் இரண்டாவது குறுக்காக. பிறகு வடிகாலை அடைத்துத் தண்ணீரை நிரப்பி 24 மணி நேரம் விட வேண்டும், கீழே கசிகிறதா என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருபவர்களுக்கு இந்த 24 மணி நேரம் பெரிய தலைவலி. திங்கட்கிழமை அக்காதான் சமையலறைக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவரிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. வெறும் கூரை. சொட்டு இல்லை. என் தொலைபேசியில் இருக்கும் படங்களில் மிகச் சலிப்பூட்டும் அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு தரைக்கல் பதிக்கும் வேலை. வர வேண்டிய கல் பதிப்பவர் வரவில்லை. வேறிடத்தில் அவசர வேலை, கூலி இரட்டிப்பு. அவரைக் குறை சொல்ல முடியாது. பையன்களில் ஒருவன் தைரியமாகச் சாந்தைப் பூச ஆரம்பித்தான். அப்பெக் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

வாசலில் ஓர் ஐயா நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். துண்டும் சவர்க்காரமும் கையில், எப்போது குளியலறை திறக்கும் என்று பார்க்க வந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வாட்டம் இல்ல."

பையனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். முகவாட்டம் தெரியும், தரைவாட்டம் தெரியாது. தண்ணீர் தானாக ஓடி வடிகாலுக்குப் போகும்படி தரைக்கு வைக்கும் சரிவு அது. ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போல. அதிகமானால் கால் வழுக்கும், குறைந்தால் தண்ணீர் நிற்கும். பையன் போட்டிருந்த சாந்தில் தண்ணீர் கதவுப் பக்கம் ஓடியிருக்கும்.

ஐயா துண்டைக் கதவில் மாட்டினார். ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய் கேட்டார். அப்பெக்கின் பெட்டியில் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகால் பக்கத்துச் சுவரிலும் மறுமுனையை வாசல் பக்கத்துச் சுவரிலும் பிடிக்கச் சொல்லி, நீர்மட்டத்துக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். வயர்மேன் அண்ணன் லேசர் மட்டக் கருவியை எடுத்து வந்து அந்தக் கோட்டின்மேல் பிடித்தார். சிவப்புக் கதிர் பென்சில் கோட்டோடு ஒட்டிப் போனது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பையன் கரண்டியை ஐயாவிடம் நீட்டினான்.

அன்று மாலை ஆறு மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை. முட்டி ஒன்று மடங்காது, காலை நீட்டியபடி ஒருக்களித்து உட்கார்ந்தே பதித்தார். பதிக்கும்போது பேசமாட்டார். தேநீர் இடைவேளையில் துண்டு துண்டாகச் சொன்னதைக் கோர்த்து எழுதுகிறேன். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது கோலாலம்பூருக்கு வந்தார். அடுக்குமாடி வேலையிடங்களில் இருபது வருடம் கல் பதித்தார். முட்டி போனது. பிறகு வேலை குறைந்தது, அறை போனது. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கித் தூங்கியபோது பை திருட்டுப் போனது. பையில் மைகார்டு.

"அதுக்கப்புறம்தான்மா எல்லாம்."

வேலையிடத்தில் நுழைய கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும். பச்சை அட்டைக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டை முதல் முறை தொலைந்தால் அபராதம் 100 வெள்ளி, இரண்டாம் முறை 300. அவருக்கு இது இரண்டாம் முறை. திருட்டு என்றால் போலீஸ் புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நடைபாதையில் படுத்திருந்தவர் போலீஸ் நிலையத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்கீழ் ஒருவரைப் பிடித்து, மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் மூன்று ஆண்டு வரை நலன்புரி இல்லத்தில் வைக்கலாம். அந்தப் பயம் உண்மையா, மிகையா என்பது வேறு விஷயம். அந்தப் பயத்தோடுதான் அவர் தூங்குகிறார்.

வேலை தெரியும், வேலையும் இருக்கிறது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. நான் காற்றலையில் கேட்ட கேள்விக்குப் பதில் என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் ஊதிக்கொண்டிருந்தது.

150 வெள்ளி

மாலையில் ஒரு சின்னப் பிரச்சினை. எனக்கு இந்த ஐந்து வாரத்தில் மறக்க முடியாதது இதுதான்.

வயர்மேன் அண்ணன் அக்காவைத் தனியாக அழைத்து, ஐயாவுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும் என்றார். நூற்றைம்பது வெள்ளி. அக்கா தயங்கினார். "எல்லாரும் சும்மாதானே செய்றீங்க? ஒருத்தருக்குக் காசு கொடுத்தா நாளைக்கு மத்தவங்க என்ன நினைப்பாங்க? அவரும் ஆசையாத்தான் செஞ்சாரு, கேக்கலையே."

"நாங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு வர்றோம் அக்கா. அவரு விட்டுட்டு வர்றதுக்கு என்ன இருக்கு?"

அப்பெக்குக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சட்டைப் பையிலிருந்து ஒரு 50 வெள்ளித் தாளை எடுத்துச் சிமெண்டு மூட்டையின் மேல் வைத்தார். பாக்சிக் 20 வைத்தார். நானும் வைத்தேன். பையன்கள் பத்துப் பத்து. மீதியை அண்ணன் போட்டார். ஐயாவிடம் கொடுக்கும்போது அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, இன்னைக்குக் கூலி. அடுத்த வாரம் சுவத்துக்குக் கல்லு இருக்கு, வர முடியுமா?" ஐயா எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கூலிக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அடுத்த ஞாயிறு அவ்வளவு நிச்சயமாக இல்லை. செய்தி பரவி ஐந்து பேர் வேலை கேட்டு வந்து நின்றார்கள். ஒருவருக்கு வண்ணம் அடிக்கத் தெரியும், ஒருவருக்கு எதுவும் தெரியாது ஆனால் தூக்குவேன் என்றார். கொடுக்கப் பணம் இல்லை. அவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டியவர் அண்ணன் இல்லை, வாரம் ஆறு நாளும் அவர்கள் முகத்தைப் பார்க்கும் அக்கா. ஒருவர் கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடாமலே போய்விட்டார். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் முழுக்கப் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழுந்தன.

இருந்தாலும், ஒரு வழி பிறந்தது. பொருள் வாங்க நன்கொடை கேட்கும்போதே இரண்டு ஆள் கூலியையும் கணக்கில் சேர்த்துக் கேட்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள். கொடுப்பவர்கள் கல்லுக்கும் வயருக்கும் உடனே கொடுக்கிறார்கள், கூலி என்றால் யோசிக்கிறார்கள் என்று அக்கா பிறகு சொன்னார். கல்லுக்கு ரசீதும் படமும் உண்டு.

நான்காம் ஞாயிறு ஐயா வந்து சுவர்க்கல்லை முடித்தார். பாக்சிக் பழைய இரும்பு அலமாரிகளை வெட்டி ஒட்டி, பூட்டும் சாவியும் கொண்ட 24 சிறு பெட்டிகளாக மாற்றியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு பள்ளிப்பை நுழையும் அளவு. அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுடுப்பு. உங்களுக்கும் எனக்கும் ஒரு வீட்டின் வேலையை அந்தப் பெட்டி பார்க்கும். பெட்டிகளுக்குள் மின்னேற்றும் துளை வைக்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள். வெப்பம் அடைந்துகொள்ளும் என்று அண்ணன் மறுத்து, கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாக 12 துளைகள் வைத்தார். இடுப்பு உயரம் ஏன் என்றால், தரையோடு வைத்தால் தொலைபேசியைக் காவல் காக்க ஆட்கள் தரையிலேயே உட்கார வேண்டியிருக்கிறது. இதை அவருக்குச் சொன்னது ஒரு காவலாளி.

அந்த வாரம் அக்கா, மையத்தின் கடிதத்தோடு ஐயாவைத் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போனார். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. அபராதத்தில் பாதி அவருடைய கூலியிலிருந்து, அவரே கட்டினார்.

ஐந்தாம் ஞாயிறு திறப்பு விழா எதுவும் இல்லை. அண்ணன் புது மின்பெட்டியின் முன் நின்று ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துக் குறித்துக்கொண்டார். வெந்நீர்க் கருவி மூன்று மாதச் சிறையிலிருந்து சுவருக்கு வந்தது. முதலில் குளித்தவர் ஒரு காவலாளி. இருபது நிமிடம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டப் போன பையனை அண்ணன் தடுத்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது தரையில் தண்ணீர் ஒரு சொட்டு நிற்கவில்லை.

ஐயா அன்று வரவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலை கிடைத்திருக்கலாம் என்றார் ஒருவர். முட்டிவலி என்றார் இன்னொருவர். ஏழாம் எண் பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி அவரிடம். மைகார்டு வரும் தேதி அக்காவின் நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிடப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, நான் சொன்னது தவறு என்று காற்றலையில் சொன்னேன். நாற்பது விநாடி. அதற்குமேல் சொன்னால் பிரசங்கமாகிவிடும் என்று என் தயாரிப்பாளர் கையைக் காட்டினார்.

கிளம்பும் முன் அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆர்சிசிபி கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும், விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட வேண்டும். அதை நான்கு மொழிகளில் எழுதி மின்பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். மலாய் பாக்சிக், சீனம் அப்பெக், ஆங்கிலம் பையன்கள். தமிழ் எனக்கு. மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நீளமா இருக்கு தங்கச்சி, ரேடியோ மாதிரி" என்றார். இரண்டு வரியாக்கி ஒட்டினோம்.